ஜாவா தெரிஞ்சவருக்கு கோ கஷ்டமா?

கேள்வி: அண்ணே, பாயான் லெப்பாஸ்ல ஒரு கம்பெனில பதினஞ்சு வருசமா ஜாவாதான் எழுதுறேன். இப்ப எல்லா சர்வீஸையும் கோ லாங்குவேஜுக்கு மாத்தணும்னுட்டாங்க. வீடியோ கோர்ஸ் போட்டா வேரியபிள்னா என்னன்னு ஆரம்பிக்கறான், தூக்கம்தான் வருது. எங்கேர்ந்து தொடங்கறது?
- ஜாவாக்காரன், பினாங்கு

பதில்: தம்பி, அந்தக் கோர்ஸை மூடிருங்க, அது உங்களுக்கு இல்ல. கோ-ல கீவேர்டு மொத்தமே 25தான், அவங்க சைட்லயே 'எ டூர் ஆஃப் கோ' ஃபிரீயா இருக்கு, சனி ஞாயிறுல ஓட்டிப் பாத்துறலாம். உங்க கஷ்டம் சின்டாக்ஸ் (எழுதற விதி) இல்ல, ஜாவா கைப்பழக்கம். இங்க கேஎல்ல (கோலாலம்பூர்ல) வேலை மாறி வர்ற சீனியருங்களும் கோ-ல ஜாவாவத்தான் எழுதுறாங்க, கம்பைல் ஆவும், ஆனா படிக்க முடியாது.

கோ-ல ஜாவா மாதிரி கிளாஸ், எக்ஸ்டெண்ட்ஸ் எதுவும் கெடையாது. இண்டர்ஃபேஸுக்கு (என்னென்ன மெத்தட் வேணும்ங்கற பட்டியல்) இம்ப்ளிமெண்ட்ஸ்னு எழுதவே வேணாம், மெத்தட் பொருந்துனா போதும், அதனால முன்கூட்டியே இண்டர்ஃபேஸா அடுக்காதீங்க. ஜாவால த்ரோ பண்ணிட்டா மேல எவனாச்சும் கேட்ச் பண்ணிக்குவான், இங்க ஃபைல் திறந்தா ஃபைலும் எரரும் ரெண்டும் சேந்து வரும், அடுத்த வரியிலயே எரர் 'nil'-ஆ, அதாவது எரர் எதுவும் இல்லையான்னு பாக்கணும், எரிச்சலாத்தான் இருக்கும், அதுக்காக எரர் வர்ற எடத்துல அண்டர்ஸ்கோர் (_) போட்டு அத முழுங்கிடாதீங்க, புரோகிராமையே நிறுத்திடற பேனிக்கையும் ஜாவா எக்ஸப்ஷன் மாதிரி ஆக்காதீங்க.

ரொம்பப் பேர் வழுக்கி விழற எடம் ஸ்லைஸ், கோ-ல மதிப்புகள வரிசையா வச்சுக்கற லிஸ்ட். பாக்க ஜாவா அர்ரேலிஸ்ட் மாதிரியே இருக்கும், ஆனா இல்ல. அஞ்சு எண் இருக்கற ஸ்லைஸ்லேர்ந்து முதல் ரெண்ட மட்டும் வெட்டி எடுத்து அதுல ஒண்ணு அப்பெண்ட் பண்ணி (கடைசில சேத்து) பாருங்க, பழைய ஸ்லைஸோட மூணாவது எண் மாறிப் போயிருக்கும்! ரெண்டுக்கும் அடியில இருக்கறது ஒரே அர்ரே, அதோட கெபாசிட்டி (கொள்ளளவு) தாண்டினாத்தான் புதுசா காப்பி ஆவும். இத ஒருதடவ நீங்களே ஓட்டிப் பிரிண்ட் பண்ணிருங்க, இல்லன்னா புரொடக்‌ஷன்ல ராத்திரி முழிக்கணும்.

பழகறதுக்கு, ஆபீஸ்ல நீங்களே ஜாவால எழுதின சின்ன டூல் ஒண்ண, லாக் படிச்சு எரர் எண்ணறது மாதிரி, கோ-ல திரும்ப எழுதுங்க. என்ன செய்யணும்னு ஏற்கனவே தெரியும், மூளை முழுக்க லாங்குவேஜ் மேலயே இருக்கும். எழுதி முடிச்சதும் கோ தெரிஞ்ச பையன்கிட்ட ரிவ்யூவுக்குக் குடுங்க, வயசு பாக்காதீங்க.

பழைய டுட்டோரியல் ஜாக்கிரதை. கோ-ல ஜெனரிக்ஸ் (ஒரே கோடை பல டைப்புக்கும் எழுதற வசதி) இல்லன்னு எங்கயாச்சும் படிச்சா அது 2022 மார்ச்சுக்கு முந்தினது, கோ 1.18 வெர்ஷன்லயே வந்திருச்சு. அடுத்து ஜாவால இருக்கற ஸ்பிரிங் மாதிரி ஃபிரேம்வொர்க் எதுன்னு கேப்பீங்க, தெரியும் லா. இப்போதைக்கு எதுவும் வேணாம், கோ கூடவே வர்ற ஹெச்டிடிபி பேக்கேஜ்லயே 1.22லேர்ந்து ரவுட்டிங் (எந்த வெப் முகவரி எந்த ஃபங்ஷனுக்குப் போவணும்னு பிரிக்கறது) நல்லா வருது.