கையை மடக்கினால் முழங்கையில் பிளவு தெரிவது ஏன்?

2டி அனிமேஷன் பாத்திரத்தின் கையை மேல்கை, முன்கை, உள்ளங்கை எனத் தனித்தனி லேயராக வெட்டி, அசைப்பதற்கான எலும்பு (போன்) மாட்டியும், மடக்கினால் மூட்டு பிளக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எலும்பின் மேல் பழி போடாதீர்கள், பெரும்பாலும் வரைந்த விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

மூட்டில் இரண்டு துண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். இரண்டின் முனையும் ஒரே அளவு அரைவட்டமாக முடியட்டும். சுழல் மையம், அதாவது பிவட், அந்த வட்டத்தின் நட்டநடுவில் இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி வைத்தாலும் மடக்கும்போது ஒரு பக்கம் புடைக்கும்.

அப்புறம் வெளிக்கோடு. மேலே இருக்கும் துண்டின் கோடு மூட்டின் குறுக்கே வளையம் போட்டதுபோலத் தெரியும். கோடில்லாத, நிறம் மட்டும் உள்ள சின்ன வட்டத்தை இரண்டுக்கும் மேலே வைத்தால் அது மறைந்துவிடும். கோட்டின் தடிமன் அளவுக்கு அந்த வட்டம் சிறியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓரக் கோட்டையும் விழுங்கிவிடும். டூன் பூம் ஹார்மனி என்ற அனிமேஷன் மென்பொருளில் இதற்கென்றே ஆட்டோ பேட்ச் என்ற வசதி இருக்கிறது.

பேரன்ட் உறவு, அதாவது ஒரு துண்டை இன்னொன்றோடு இணைப்பது வேறு, லேயர் வரிசை வேறு. முன்கை மேல்கையைப் பின்தொடர்வது உறவால்; எது முன்னே தெரியும் என்பது வரிசையால். முதுகுக்குப் பின்னாலிருந்து கை முன்னே வரும் காட்சியா? முன்கை உடலின் ஓரத்தைத் தாண்டி முழுசாக வெளியே நிற்கும் ஃபிரேமில் வரிசையை மாற்றுங்கள், மாறியது கண்ணில் படாது.

வாய்க்கு எலும்பே வேண்டாம். பல படங்களில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் காட்டும் ஸ்விட்ச் லேயரில் வாய் வடிவங்களை மாற்றிக்கொண்டால் போதும்.