வேலை போகவில்லை, தூக்கம் போய்விட்டது

கேள்வி: என் வயது 38. அலுவலகத்தில் இரண்டு முறை ஆட்குறைப்பு நடந்துவிட்டது. என் வேலை இன்னும் இருக்கிறது, ஆனால் அடுத்தது நானோ என்ற நினைப்பிலேயே நாள் போகிறது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, நெஞ்சுப் படபடப்பு, பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். ஈசிஜி நார்மல். வேலை போவதற்கு முன்பே இப்படி ஆகிவிட்டேனே, இது பலவீனமா? தூக்க மாத்திரை எடுக்கலாமா?

பதில்: பலவீனமெல்லாம் இல்லை. வேலை போனவருக்கு என்ன நடந்தது என்றாவது தெரியும், அழுதுவிட்டு அடுத்ததைத் தேடலாம், உங்களுக்கு அதற்கும் வழியில்லை. லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் கவனித்துவரும் ஒயிட்ஹால் 2 ஆய்வில், ஒரு துறை தனியார் கைக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததுமே, மாற்றம் எதுவும் நடப்பதற்கு முன்பே, அங்கிருந்தவர்கள் தங்கள் உடல்நலம் கெட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆபத்து என்று தெரிந்தால் உடல் அட்ரினலின், கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்களைச் சுரக்கும், ஆபத்து நீங்கியதும் அடங்கிவிடும். உங்கள் விஷயத்தில் அது நீங்கவே இல்லையே! கார்டிசால் இயல்பாகவே பின்னிரவில் ஏறத் தொடங்கும், தூக்கமும் அப்போது மெலிதாகத்தான் இருக்கும், அதனால்தான் அந்த மூன்று மணி. விழித்ததும் போனை எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பீர்கள், இல்லையா? போன் இரவில் வேறு அறையில் இருக்கட்டும். தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையில் புரளாமல் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கியபின் படுங்கள். மதியத்துக்குமேல் காபி வேண்டாம். மது தூங்க வைப்பதுபோல் இருக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

பகலில் ஒரு வேலை இருக்கிறது. வேலை போனால் நோட்டீஸ் காலம் எவ்வளவு, கைக்கு என்ன வரும், சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று வீட்டிலுள்ளவரோடு உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போடுங்கள். வரும் எண் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, எதற்குப் பயப்படுகிறோம் என்பதாவது தெரியும். மேலாளரிடம் ஒருமுறை நேரடியாகக் கேட்டுவிடுங்கள். மழுப்பினால் அது அவர்கள் தவறு, மாதக்கணக்கில் ஆட்களைத் தொங்கலில் விட்டுவிட்டு ஊழியருக்குத் தியான வகுப்பு நடத்தும் நிர்வாகங்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. அப்புறம், நல்ல பெயருக்காக லீவே போடாமல் ராத்திரிவரை உட்காருவது உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், களைப்பில் தப்புகள்தான் கூடும்.

தூக்க மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். சில வகைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும், தேவையென்றால் மருத்துவர் கொஞ்ச நாளுக்குத் தருவார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, அறிவாற்றல் நடத்தை சிகிச்சைதான், அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆலோசகர் உதவியோடு மாற்றுவது. படபடப்புக்குத் தைராய்டும் காரணமாகலாம், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரமாக விடாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நான் இல்லாவிட்டால் நல்லது என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் காத்திருக்க வேண்டாம், வீட்டில் சொல்லிவிட்டு அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.