கோபத்துக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: நாலாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு ராத்திரி வீட்டுப்பாடம் சொல்லித் தரும்போது கத்திவிடுகிறேன். அவன் தூங்கிய பிறகு அழுகை வருகிறது. பல்லைக் கடித்து அடக்கிப் பார்த்தும் முடியவில்லை. இதற்குப் பயிற்சி உண்டா?
– வாசகி, ஈரோடு

பதில்: உண்டு. ஆனால் அடக்குவது பயிற்சி அல்ல. முகத்தில் காட்டாமல் அடக்கினால் உள்ளே கோபம் குறைவதில்லை, உடம்பின் படபடப்புதான் கூடும். உணர்வுகளை அறிந்து கையாளும் திறனான உணர்வுசார் நுண்ணறிவை 1990-ல் வரையறுத்த உளவியலாளர்கள் பீட்டர் சாலவே, ஜான் மேயர் இருவரும் பிறகு அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள். கையாள்வது அதில் கடைசி. கண்டுகொள்வதும் புரிந்துகொள்வதும் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.

அதனால் முதலில் பெயர் வையுங்கள். ‘கோபம்’ என்று நிறுத்தாதீர்கள். ஏழெட்டு எவ்வளவு என்று அவன் விழிக்கும்போது உங்களுக்கு வருவது எரிச்சலா, பின்தங்கிவிடுவானோ என்ற பயமா, டீச்சர் டைரியில் எழுதி அனுப்பிய அவமானமா, வெறும் அசதியா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அசதி என்றால் பாடத்தை ஆறரை மணிக்கு மாற்றினாலே பாதி தீரும். பயம் என்றால் டீச்சரிடம் பேச வேண்டும். சொல் கிடைப்பதே சூட்டைத் தணிக்கும். 2007-ல் மேத்யூ லீபர்மேன் குழுவின் மூளை ஸ்கேன் ஆய்வில், கோப முகங்களையும் பயந்த முகங்களையும் பார்த்தவர்கள் அந்த உணர்வுக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, பயம், கோபம் போன்ற உணர்வுகளில் தூண்டப்படும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது.

இரண்டு வாரம், படுக்கும்முன் நோட்டில் ஒரே வரி எழுதுங்கள்: மணி, உடம்பில் எங்கே தெரிந்தது, என்ன உணர்வு, சற்று முன் என்ன நடந்தது. சூட்டோடு எழுதினால் அது மகன் மீதான குற்றப்பட்டியலாகிவிடும்.

தாடை இறுகும், அவன் கைப் பென்சிலைப் பிடுங்கத் தோன்றும். அதுதான் நேரம். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். பத்து முறைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. போதவில்லையா, எழுந்து போங்கள். சொல்லிவிட்டுப் போங்கள்: “அம்மாவுக்கு இப்ப எரிச்சலா இருக்கு கண்ணு, இருபது நிமிஷத்துல வரேன்.” ‘உன்னாலதான்’ வேண்டாம். போன இடத்தில் நின்று அதையே மனதில் ஓட்டினால் சூடு ஆறாது. துணி மடியுங்கள்.

கத்திவிட்ட நாளில் “கத்தினது அம்மா தப்பு” என்பதோடு நிறுத்துங்கள். “ஆனா நீ...” என்று சேர்த்தால் பிள்ளைக்கு அந்தப் பின்பாதி மட்டும்தான் காதில் விழும்.

கேள்வி: இணையத் தேர்வில் என் உணர்வு நுண்ணறிவு மதிப்பெண் குறைவாக வந்தது. கவலைப்பட வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். நீங்களே உங்களுக்கு மார்க் போடும் தேர்வுகள், உங்களைப் பற்றிய உங்கள் அபிப்பிராயத்தைத்தான் அளக்கின்றன. வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள்: “எனக்குக் கோபம் வந்துட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்?” குறுக்கே பேசாமல் முழுப் பதிலையும் கேட்டுக்கொள்ளுங்கள்.