ஹூப்பிங் கிரேன் திட்டம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மணி: அக்கா, விமானத்தின் பின்னால் நாரைகள் பறந்த அமெரிக்கத் திட்டம் வெற்றியா, தோல்வியா?

முதலில் அது நாரை இல்லை, தம்பி. ஹூப்பிங் கிரேன் என்ற வட அமெரிக்கப் பறவை. நாரை போல மரத்தில் உட்காரவே உட்காராது, முழங்கால் தண்ணீரில் நின்றபடியே தூங்கும். 1941இல் உலகிலேயே இருபத்திச் சொச்சம்தான் மிஞ்சியிருந்தன. 2001 முதல் விஸ்கான்சினின் நெசீடாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு அல்ட்ராலைட் விமானம் குஞ்சுகளைக் கூட்டிப்போனது. வலசைப் பாதையை ஒரு தடவை காட்டினால் போதும், வசந்தத்தில் தானாகவே திரும்பிவிடும். அதில் குறையே இல்லை. ஆனால் 2015 வரை சுமார் 250 பறவைகளைக் காட்டில் விட்டும், காட்டில் பொரித்து இறக்கை முளைத்துப் பறந்த குஞ்சுகள் பத்துதான். விட்ட எண்ணிக்கையை மட்டும் பெரிதாகப் போடும் அறிக்கையை நம்பாதீர்கள்.

பாலா: மொத்தம் எத்தனை விட்டார்கள்?

மேலே இருக்கிறது.

செல்வி: ஏன் குஞ்சு தேறவில்லை?

இதைத்தான் கேட்க வேண்டும். நெசீடாவில் இவை அடைகாக்கும் நேரமும் பறவை ரத்தம் குடிக்கும் ஒருவகைக் கரிய சிற்றீ கிளம்பும் நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. உட்கார்ந்திருக்கும் பறவையின் தலையில் மொய்க்கும்; தலையை உதறும், எழுந்து நிற்கும், மறுபடி உட்காரும், கடைசியில் போயே போய்விடும். ஒன்றிரண்டு நாளில் பல ஜோடிகள் சேர்ந்தாற்போல் கூட்டைக் கைவிட்டிருக்கின்றன. அப்புறம் ஒரு வழி கண்டார்கள்: முதல் முட்டைகளை முன்கூட்டியே எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துவிட்டால், ஈ அடங்கிய பிறகு அதே ஜோடி மறுபடி முட்டையிடும்.

குமார்: ஈ வெறும் சாக்கு. வெள்ளை அங்கி போட்ட மனிதர் கிரேன் தலை போன்ற கைப்பொம்மையால் ஊட்டி வளர்த்த குஞ்சுக்குத் தாய்மை எப்படித் தெரியும்? செயற்கை அதிகம் என்றுதானே 2016இல் அரசே விமானத்தை நிறுத்தியது?

நிறுத்தியது உண்மை. ஆனால் இரண்டாவது முட்டையை அதே ஜோடி பொரியும் வரை அடைகாக்கிறதே, தாய்மை தெரியாதென்றால் அது எப்படி? நிஜப் பறவை வளர்த்தால் மட்டும் சரியாகிவிடுமா? 1975 முதல் ஐடஹோவில் சாண்ட்ஹில் கிரேன் என்ற வேறொரு கிரேன் இனத்தின் கூடுகளில் 289 ஹூப்பிங் கிரேன் முட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். வளர்ந்த பறவைகள் வலசை போயின, ஆனால் தங்களை சாண்ட்ஹில் என்றே நினைத்து, சொந்த இனத்தோடு ஒரு ஜோடிகூடச் சேரவில்லை.

ரவி: சைபீரியக் கிரேனை ராஜஸ்தானின் பரத்பூருக்கு இப்படிக் கொண்டுவரலாமா?

ஆசைதான். 2002க்குப் பிறகு அங்கே ஒன்றுகூட வரவில்லை. நாலைந்து நாடுகளைத் தாண்டும் பாதை அது. வழியில் வேட்டை நிற்காமல் குஞ்சை மட்டும் விட்டு என்ன பயன்?

நந்தினி: குஞ்சு ஒன்று வளர்க்கக் கிடைக்குமா?

கிடைக்காது.

ஜான்: இதுவரை எத்தனை பறவை…

பாலாவுக்கும் இதே பதில். மேலே போய்ப் படியுங்கள், தம்பி.

குமார்: ஈ இல்லாத கூட்டில் பொரித்த குஞ்சும் சாகிறதே, அக்கா?

ஆமாம், அங்கேதான் இடிக்கிறது. பெரும்பாலான குஞ்சுகள் பறக்கும் முன்பே போய்விடுகின்றன. இரைகொல்லிகள் ஒரு காரணம். பெற்றோருக்குக் காவல் காக்கத் தெரியவில்லை என்று நீங்கள் சொன்னால் அதற்கு மட்டும் சண்டைக்கு வர மாட்டேன். ஈயை சாக்கு என்றால் வருவேன்.