குடிமகன் அல்லாத ஒருவருக்கு ஒரு நாட்டில் என்ன உரிமைகள் உண்டு?

நீங்கள் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். தேர்வுக்கான விடை இதுதான்: இந்திய அரசியலமைப்பின் 14, 21-ம் பிரிவுகள் 'நபர்' என்று பேசுகின்றன. சட்டத்தின் முன் சமம், உயிருக்குப் பாதுகாப்பு, இரண்டும் வெளிநாட்டவருக்கும் உண்டு. 19-ம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும். பேச்சு, சங்கம், விரும்பிய ஊரில் குடியிருப்பது, விரும்பிய தொழில் எல்லாம் அதில்தான் வருகின்றன.

நான் அந்த 19-க்கு வெளியே பிறந்தவன். 1990-ல் அப்பாவும் அம்மாவும் இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் வந்தார்கள். அடுத்த வருஷம் முகாமில் நான். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியன். அதற்குப் பிறகு பிறந்தவனுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த பெண்ணுக்கு பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தச் செய்தியை எத்தனை முறை படித்திருப்பேனோ.

இன்ஜினியரிங் முடித்ததும் கேம்பஸில் வேலை கிடைத்தது. சேரும் நாளில் பாஸ்போர்ட் கேட்டார்கள். அகதி அட்டையைக் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து, "சொல்லி அனுப்புறோம், தம்பி" என்றார். அப்பா கடன் வாங்கி எடுத்துக் கொடுத்த ஷூவோடு பஸ் ஏறினேன். திங்கட்கிழமை மாமாவோடு பெயிண்ட் வேலைக்குப் போனேன். இன்றைக்கும் அதே வேலைதான்.

நன்றி கெட்டவன் என்று எழுத வருபவர்களுக்கு: பணக்கொடை, அரிசி, பள்ளிக்கூடம் எல்லாம் இந்த அரசு தந்தது. மறுக்கவே இல்லை. ஆனால் தருவது வேறு, உரிமை வேறு. தருகிறவர் நிறுத்தினால் நான் கேட்க முடியாது. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1933-ல் ஜெர்மனியை விட்டு ஓடி, 1951-ல்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். எந்த நாடும் தன்னுடையவர் என்று ஏற்காதவருக்கு மனித உரிமை கைக்கு வராது என்றார். நான் படித்ததில் எனக்கு அப்படியே பொருந்தியது அது ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு கான்ட்ராக்டர் எட்டு நாள் கூலி தரவில்லை. போலீசுக்குப் போவேன் என்றேன். "போ, முதல்ல உன் அட்டையத்தான் கேப்பாங்க" என்றார். 14-ம் பிரிவு எனக்கும் உண்டு என்று தெரிந்தும் நான் போகவில்லை. முகாமில் மாலை கையெழுத்துக்கு நேரமாகியிருந்தது.