ஏரி ஆக்கிரமிப்பு: எம்எல்ஏவிடம் கொடுத்த மனு நகரவில்லை என்றால்

ஆக்கிரமிப்பு, கழிவுநீர், சாலை மூன்றையும் ஒரே மனுவில் எழுதி, எம்எல்ஏவிடம் கொடுத்தும் பதிலில்லை என்கிறீர்கள். அப்படி எழுதினால் மூன்று துறைகளும் மாற்றி மாற்றிக் கைகாட்டும். ஆக்கிரமிப்பை மட்டும் தனி மனுவாக்குங்கள்.

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை) ஏரிகளுக்குத்தான். ஊராட்சி ஒன்றியத்து ஏரிக்கு அதைக் காட்டினால் திரும்பி வரும். சர்வே எண், 'அ' பதிவேட்டு (நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் கிராமப் பதிவேடு) நகல், புலப்படம் (நிலத்தின் எல்லை அளவு வரைபடம்), தேதியிட்ட படங்கள் கட்டாயம். கையெழுத்து எத்தனை என்பதைவிட இவைதான் பேசும்.

எம்எல்ஏவிடம் 'நடவடிக்கை எடுங்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'இந்தச் சர்வே எண்ணில் எல்லை அளந்து கல் நட்டாயிற்றா?' என்று பேரவையில் கேட்கும்படி கேள்வியையே எழுதிக் கொடுங்கள். நீர்வளத் துறை மானியக் கோரிக்கைக்கு (அந்தத் துறையின் நிதி ஒதுக்கீடு பேரவையில் விவாதிக்கப்படும் நாள்) சில வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். அன்று காலையில் நீட்டும் தாள் பையோடு போய்விடும்.

அதோடு பேரவை மனுக்கள் குழு (மக்கள் மனுக்களை ஆராயும் எம்எல்ஏக்கள் குழு) உங்கள் மாவட்டத்துக்கு வரும்போது ஆட்சியர் அலுவலகம் மனு கேட்டு அறிவிப்பு விடும். தமிழில், தேதியிட்டுக் கையொப்பமிட்ட ஐந்து நகல்கள். ஒரு மனு, ஒரு பொருள், ஒரு துறை. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ஊரில் யாராவது வழக்குப் போட்டிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.