இலங்கை மலைநாட்டில் பிறந்தவர்கள் ரஷ்யாவின் எல்பரஸ் மலையில் ஏற, உயரத்துக்குத் தனியாகப் பழக வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். நீங்களும் ஹட்டன், பொகவந்தலாவப் பக்கமாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நான் மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்துப் பையன். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்குப் பதினொரு தடவை ஏறியவன். அந்தத் திமிரில்தான் ரஷ்யாவில் படிக்கும்போது எல்பரஸுக்குப் போனேன்.

கணக்கைப் பாருங்கள். சிவனொளிபாதம் 2,243 மீட்டர், பிதுருதலாகலை 2,524. எல்பரஸில் கேபிள் கார் புறப்படுகிற அசாவே சுமார் 2,350 மீட்டர். நம் நாட்டின் உச்சி அங்கே அடிவாரம். மேற்கு உச்சி 5,642, காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி.

முதல் தடவை, போய்ச் சேர்ந்த மறுநாளே கேபிள் காரில் காராபாஷிக்கு (சுமார் 3,850 மீட்டர்) போய், இரவு முழுக்கப் புரண்டுவிட்டு, விடியுமுன் ரட்ராக் என்கிற பனி வண்டியில் பாஸ்துகோவ் பாறைகள் வரை போனேன், அது 4,700 மீட்டர் இருக்கும். இறங்கி நூறு அடி நடந்திருப்பேன். தலையை உரலில் போட்டு இடிக்கிற மாதிரி இருந்தது, குடித்த தேத்தண்ணி வெளியே வந்துவிட்டது. பனியில் வழுக்காமல் சப்பாத்தில் கட்டுகிற இரும்பு முள்ளான கிராம்பனின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. வழிகாட்டி என் பெயரைக் கேட்டார், சொல்ல நேரம் எடுத்தது. உடனே கீழே இறக்கிவிட்டார். காலில் ஒரு வலியும் இல்லை, அதுதான் எரிச்சல்.

அடுத்த வருஷம் எட்டு நாள் ஒதுக்கினேன். முதல் மூன்று நாள் பகலில் செகெட் மலையில் ஏறி, இரவு பள்ளத்தாக்குக்கே இறங்கித் தூங்கினேன். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பார்கள். காராபாஷிக்கே ஒரே தாவலில் 1,500 ஏறவேண்டியிருப்பதால் அதை அங்கே அப்படியே கடைப்பிடிக்க முடியாது, அதனால்தான் இந்த ஏறி இறங்கல். அப்புறம் காராபாஷியில் குடிலில் தங்கி, பாறைகள் வரை நடந்து திரும்பி, ஒரு நாள் சும்மா படுத்திருந்துவிட்டு உச்சிக்குப் போனேன்.

உயரத்தில் வரும் நோய்க்கான டயமொக்ஸ் மாத்திரை போட்டால் போதும் என்று யாராவது கீழே எழுதுவார்கள். உதவும், நானும் போட்டேன், ஆனால் அந்த எட்டு நாளை அது மிச்சப்படுத்தாது. நான் வைத்தியன் இல்லை, போவதற்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள்.

சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எனக்குப் படிக்க இடம் கிடைத்த கடிதம் நாங்கள் இருந்த லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வரவேயில்லை. எங்களுக்கென்று தனி விலாசம் கிடையாது, தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அங்கே ஒரு மேசையில் பதினாறு நாள் கிடந்தது, எனக்கு ஒரு வருஷம் போனது. எல்பரஸ் உச்சியில் எடுத்த போட்டோவை அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினேன். அதுவும் அதே மேசையில்தான் போய்க் கிடந்தது.